மருதாணி சிவக்கும்; கறுக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடிப்பெருக்கு நெருங்கும் இந்நாட்களில் மயிலாடுதுறை, கும்பகோணம், திருவாரூர்க் கடைத்தெருக்களில் வளையல் கடை, பூக்கடை, பேன்சி ஸ்டோர் என்று எங்கு பார்த்தாலும் மருதாணிக் கோன்கள் சரஞ்சரமாகத் தொங்குகின்றன. பத்தே நிமிடத்தில் பிடிக்கும், கருகருவென்று பிடிக்கும் என்றெல்லாம் அவற்றின் உறையில் அச்சிட்டிருக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் பல உறைகளில் அச்சிடவில்லை. கல்லூரியில் நெடுங்காலம் வேதியியல் கற்பித்தவள் என்ற முறையில், மருதாணி இலையில் இருக்கும் நிறமி எதைச் செய்யும், எதைச் செய்யாது, அதை எப்படிக் கையாள வேண்டும் என்பதைத் தங்கள் நாளிதழின் வாயிலாக டெல்டா மாவட்ட மக்களிடம், குறிப்பாகச் சிறு குழந்தைகளை வைத்திருக்கும் பெற்றோரிடம், எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

மருதாணியின் நிறத்துக்குக் காரணமான பொருள் லாசோன். மருதாணிச் செடியின் தாவரவியல் பெயர் லாசோனியா இனெர்மிஸ் என்பதால் அதன் நிறமிக்கு அந்தப் பெயர் வந்தது. வேதியியல் முறைப்படி இது 2-ஹைட்ராக்சி-1,4-நாஃப்தோகுவினோன். பத்துக் கார்பன் அணுக்கள், ஆறு ஹைட்ரஜன் அணுக்கள், மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த, 174 மூலக்கூறு எடையுள்ள சிறிய மூலக்கூறு. தூய நிலையில் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறமுள்ள படிகமாக இருக்கும். குளிர்ந்த நீரில் சிறிதளவே கரையும். காரத்தில் நன்றாகக் கரைந்து செந்நிறம் காட்டும். அமிலம் சேர்த்தால் நிறம் மங்கி இளமஞ்சளாகிவிடும். உலர்ந்த இலையின் எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு இந்த நிறமி கிடைக்கும். மண், தட்பவெப்பம், இலையின் முற்றல் ஆகியவற்றைப் பொறுத்து அந்த அளவு சற்றுக் கூடும், குறையும்.

இந்த லாசோன் இலைக்குள் பெரும்பாலும் தனித்து இருப்பதில்லை. ஹென்னோசைடு எனப்படும், சர்க்கரையோடு பிணைந்த நிறமற்ற சேர்மங்களாகவே அது இலையில் அடங்கியிருக்கிறது. பச்சை இலையைப் பறித்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டால் கை சிவப்பதில்லை என்பதற்கு இதுவே காரணம். இலையை அம்மியில் வைத்து மைய அரைக்கும்போது அதன் செல்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும் ஹென்னோசைடும் கலக்கின்றன. சர்க்கரைப் பகுதி பிரிந்துபோகிறது. எஞ்சியது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து லாசோனாக மாறுகிறது. எலுமிச்சைச் சாறோ புளியோ சேர்த்தால் இந்தப் பிரிவு நன்கு நடக்கும். வெளிப்பட்ட நிறமி சீக்கிரம் சிதையாமலும் இருக்கும். கொட்டைப்பாக்கு சேர்த்து அரைக்கும் வீடுகள் நம் பகுதியில் இன்றும் உண்டு. பாக்கிலுள்ள, துவர்ப்பைத் தரும் டானின் வகைப் பொருள்கள் சிவப்பின் ஆழத்தைக் கூட்டுகின்றன. நம் பாட்டிமார் வேதியியல் படிக்காமலேயே, எதைச் சேர்த்தால் எது நடக்கும் என்று கண்டு வைத்திருந்த ஒழுங்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மதிப்புக் கூடுகிறது.

வெளிப்பட்ட லாசோன் தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு வேதிப் பிணைப்பு ஏற்படுத்திக்கொள்கிறது. மேலே பூசிய வண்ணமாக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. கெரட்டினின் அமினோத் தொகுதிகளோடும் கந்தகம் உள்ள தொகுதிகளோடும் இணைந்துவிடுகிறது. ஆகையால்தான் சோப்புப் போட்டாலும் போவதில்லை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இந்த இறந்த செல்களாலான அடுக்கு மிகத் தடிமனாக இருப்பதால் அங்கே அடர்ந்து சிவக்கிறது. புறங்கையிலும் முழங்கையிலும் வெளிறித் தெரிகிறது. அந்தச் செல்கள் உதிர உதிர, இரண்டு மூன்று வாரங்களில் நிறமும் மங்கிப் போகிறது. முடியும் நகமும் கெரட்டினால் ஆனவை. நகத்தில் பிடித்த மருதாணி, நகம் வளர்ந்து வெட்டப்படும் வரை நிற்பதும் இதனால்தான்.

இங்கே வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டிய இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, இந்தப் பிணைப்புக்கு நேரம் வேண்டும். இலையை அரைத்து வைத்துச் சில மணி நேரமாவது கையில் இருந்தால்தான் லாசோன் தோலடுக்கில் ஊடுருவிப் பிணையும். இரவில் வைத்து விடியற்காலையில் உதிர்க்கும் வழக்கம் வெறும் வசதிக்காக ஏற்பட்டதன்று. உதிர்த்தவுடன் ஆரஞ்சாகத் தெரியும் கை, ஆக்சிஜனேற்றம் தொடர்வதால் அடுத்த ஓரிரு நாள்களில்தான் கருஞ்சிவப்பாகிறது. மற்றொன்று, லாசோன் தரக்கூடிய நிறத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஆரஞ்சு, செம்மை, செம்பழுப்பு, தடித்த தோலில் கருஞ்சிவப்பு, அவ்வளவுதான். எந்தத் தோட்டத்து மருதாணியும், எவ்வளவு நல்ல மண்ணில் விளைந்ததும், தோலில் மை போன்ற கறுப்பைத் தராது. எந்த மருதாணியும் பத்து நிமிடத்தில் கருஞ்சிவப்பைத் தராது. ஆகவே ஒரு கோன் கறுப்பாகப் பிடித்தாலோ, சில நிமிடங்களிலேயே அடர்ந்து பிடித்தாலோ, அந்த நிறம் இலையிலிருந்து வரவில்லை என்று ஆய்வுக்கூடத்துக்குப் போகாமலே முடிவு செய்துகொள்ளலாம்.

அப்படியானால் அது எங்கிருந்து வருகிறது? கறுப்பு மருதாணி என்று விற்கப்படும் பொருள்களில் பெரும்பாலும் சேர்க்கப்படுவது பாரா ஃபினிலீன் டையமீன், சுருக்கமாக பிபிடி. இது தாவரத்திலிருந்து கிடைப்பதன்று. தொழிற்சாலையில் செய்யப்படும், அரோமாட்டிக் அமீன் என்ற வகையைச் சேர்ந்த வேதிப்பொருள். தலைமுடிச் சாயங்களில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பயன்பட்டு வருகிறது. தூய நிலையில் ஏறத்தாழ நிறமற்றது. காற்றாலோ ஹைட்ரஜன் பெராக்சைடாலோ ஆக்சிஜனேற்றம் அடையும்போது கருநிறச் சேர்மங்களாக மாறுகிறது. அதன் மூலக்கூறு எடை 108 மட்டுமே. ஆகையால் தோலின் இறந்த அடுக்கோடு நின்றுவிடாமல் அதைக் கடந்து உள்ளே செல்கிறது. உள்ளே உடலின் புரதங்களோடு இணைகிறது. நம் நோயெதிர்ப்பு அமைப்பு அந்த இணைப்பை அந்நியப் பொருளாக அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்கிறது.

இந்த நினைவு அழிவதில்லை என்பதுதான் இதிலுள்ள கொடுமை. முதல் முறை பூசும்போது பலருக்கு ஒன்றும் நேர்வதில்லை. "போன வருஷமும் இதே கோன்தான் வைத்தோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று தாய்மார் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த முதல் முறையிலேயே உடல் தயாராகிவிட்டிருக்கக்கூடும். அடுத்த முறை பட்டவுடன், ஓரிரு நாள்களுக்குள், அரிப்பும் வீக்கமும் நீர்க்கொப்புளமும் தோன்றுகின்றன. கொப்புளங்கள் கோனால் வரைந்த கொடியும் பூவும் எந்த வடிவில் இருந்தனவோ அதே வடிவில் எழும்பி நிற்பதைத் தோல் மருத்துவர்கள் நன்கு அறிவர். என் உறவினர் வீட்டுச் சிறுமி ஒருத்தியின் புறங்கையில் அந்தக் காட்சியை நானே பார்த்தேன்; புண் ஆறிய பிறகும் அந்தக் கோலம் வெளிறிய தடமாகப் பல மாதங்கள் இருந்தது. அவள் வளர்ந்து என்றாவது ஒரு நாள் தலைமுடிக்குச் சாயம் பூசினால், முகமும் கண்ணும் வீங்கி மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை வரலாம். இதோடு தொடர்புடைய வேறு சில பொருள்களுக்கும், அதாவது சில மரப்பு மருந்துகள், சல்ஃபா வகை மருந்துகள், துணிச்சாயங்கள், கறுப்பு ரப்பரில் உள்ள சில வேதிப்பொருள்கள் ஆகியவற்றுக்கும், உடல் அதே விதமாக எதிர்வினை காட்டக்கூடும். அமெரிக்கத் தொடுதோலழற்சி மருத்துவர்களின் சங்கம் 2006ஆம் ஆண்டுக்குரிய ஒவ்வாமைப் பொருளாக பிபிடியைத் தேர்ந்து அறிவித்தது என்பதிலிருந்தே இது எவ்வளவு பரவலான சிக்கல் என்று உணரலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தலைமுடிச் சாயத்தில் பூசும் நிலையில் 2 சதவீதத்துக்கு மேல் இது இருக்கக் கூடாது. தோலில் வரைவதற்கு இதைப் பயன்படுத்தவே கூடாது. ஆனால் பெயரில்லாத கோனுக்குள் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதை யார் அளந்து பார்த்தார்கள்?

கறுப்பாகப் பிடிக்காமல், விரைவாகச் சிவப்பாகப் பிடிக்கும் கோன்களில் வேறொரு பொருள் இருப்பது உண்டு. அது பிக்ராமிக் அமிலம் அல்லது அதன் உப்பாகிய சோடியம் பிக்ராமேட். செந்நிறச் செயற்கைச் சாயமான இது வெடிபொருளாகப் பெயர் பெற்ற பிக்ரிக் அமிலத்தின் நெருங்கிய உறவு. நீர்ப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய சோடியம் பிக்ராமேட்டைப் பன்னாட்டுச் சரக்குப் போக்குவரத்து விதிகள் வெடிபொருள் வகையில்தான் சேர்த்திருக்கின்றன. கோனில் உள்ள ஈரக் குழம்பு வெடித்துவிடும் என்று நான் அச்சுறுத்தவில்லை. இலையின் பெயரைச் சொல்லி எப்படிப்பட்ட பொருளைக் குழந்தையின் கையில் தடவச் சொல்கிறார்கள் என்பதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன். இதுவும் சிலருக்குக் கடுமையான தோல் ஒவ்வாமையை உண்டாக்குகிறது.

தலைமுடிக்கு விற்கப்படும் கறுப்பு ஹென்னாப் பொடிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மூலிகை என்று முன்புறம் பெரிதாக அச்சிட்டு, பின்புறம் சிறிய எழுத்தில் பிபிடியைக் குறிப்பிடும் பொடிகள் கடைகளில் உள்ளன. பிபிடி உள்ள முடிச்சாயங்களின் உறையில், தோல் எரிச்சல் ஏற்படக்கூடும், முன்கூட்டிச் சோதித்துப் பார்க்க வேண்டும், இமைக்கும் புருவத்துக்கும் பூசினால் பார்வையே போகக்கூடும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். காதின் பின்புறமோ முழங்கையின் உட்புறமோ சிறிது தடவி 24 மணி நேரம் காத்திருந்து பார்ப்பதுதான் அந்தச் சோதனை. செடியிலிருந்தே கருமை வேண்டுவோருக்கு வழி இல்லாமல் இல்லை. முதலில் மருதாணியும் பிறகு அவுரி இலைப் பொடியும் தடவினால், அவுரியின் நீலமும் மருதாணியின் சிவப்பும் சேர்ந்து முடி கருமையாகத் தோன்றும். மருதாணியை இரும்புச் சட்டியில் ஊறவைக்கும் பழக்கத்திலும் பொருள் உண்டு. டானினும் இரும்பும் சேர்ந்தால் கருநிறச் சேர்மம் உண்டாகும். ஆனால் உலோக உப்புகள் கலந்த பொடியைப் பூசிய முடியின் மேல் பெராக்சைடு உள்ள சாயத்தைப் பூசக் கூடாது. இரண்டும் வினைபுரிந்து சூடேறும், முடி பாழாகும்.

இவ்வளவும் படித்துவிட்டு, இலையை நாமே அரைத்தால் எந்த ஆபத்தும் இல்லை என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம் என்று வேண்டுகிறேன். இயற்கையானது என்பதால் மட்டுமே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது; லாசோனின் உறவுப் பொருள்களைப் பார்த்தாலே இது தெரியும். நம் வாய்க்கால் கரைகளில் முளைத்திருக்கும் கொடிவேலியின் வேரில் உள்ள பிளம்பாஜினும் ஒரு நாஃப்தோகுவினோன்தான். லாசோனிலிருந்து அதில் மாறுபடுவது வளையத்தில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியின் இடமும் கூடுதலாக ஒரு மெத்தில் தொகுதியும் மட்டுமே. ஆனால் அந்த வேரை அரைத்துத் தோலில் வைத்தால் தீப்பட்டது போலக் கொப்புளம் கிளம்பும். ரத்தம் உறைவதற்கு நமக்கு இன்றியமையாத வைட்டமின் கே-யும் இதே வளைய அமைப்பைக் கொண்டது. அட்டவாகுவோன் என்ற மலேரியா மருந்தும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஒரே சட்டகத்தின் மேல் ஓர் அணுத்தொகுதி இடம் மாறினால் மருந்து நஞ்சாகும், நஞ்சு மருந்தாகும் என்பதை என் மாணவியருக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

லாசோனால் உண்மையில் துன்பப்படக்கூடியவர்கள், ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்கள். இக்குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழியே வருவதால் ஆண் குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. பெரும்பாலான குடும்பங்களுக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரியாது. லாசோன் ரத்தத்துக்குள் சென்றால் சிவப்பணுக்களில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை உண்டாக்கும். நலமான சிவப்பணு குளூட்டாதயோன் என்ற காப்புப் பொருளைக் கொண்டு அதைச் சமாளித்துக்கொள்ளும். இந்த நொதி குறைந்த சிவப்பணுவோ குளூட்டாதயோனை மீட்டுக்கொள்ள முடியாமல் உடைந்துபோகிறது. வளர்ந்தவர்களின் தடித்த தோல் வழியே உட்செல்லும் அளவு மிகக் குறைவு. பச்சிளங்குழந்தையின் தோலோ மெல்லியது. உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பும் அதிகம். குழந்தையின் உடலில் மருதாணியைப் பரவலாகப் பூசியதால் ரத்தச் சிவப்பணுக்கள் பெருமளவில் உடைந்து உயிருக்கே ஆபத்தான நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. ஆகவே பிறந்த குழந்தைக்குத் தொட்டில் போடும் நாளிலோ முடியெடுக்கும் நாளிலோ, எந்த மருதாணியானாலும், வீட்டில் அரைத்ததே ஆனாலும், உள்ளங்காலில் ஒரு பொட்டளவு கூட வைக்க வேண்டாம். பூசிய பிறகு குழந்தை வெளிறினாலும், கண் மஞ்சளானாலும், சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலும் ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மருதாணி இலையை இடித்துச் சாறு பிழிந்து மஞ்சள் காமாலைக்குக் குடிக்கும் பழக்கம் சில ஊர்களில் உள்ளது. மேற்சொன்ன காரணத்தால் அது இன்னும் ஆபத்தானது. குடிக்கும்போது தோல் என்ற தடுப்பும் இல்லாமல் போகிறது.

நம் டெல்டாவுக்கே உரிய ஒரு பயன்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேட்டூர் அணை திறந்து குறுவை நடவு தொடங்கியதும், நாள் முழுவதும் சேற்றிலும் தண்ணீரிலும் நிற்கும் பெண்களுக்கு விரல் இடுக்குகளில் சேற்றுப்புண் வருகிறது. மருதாணி இலையை மஞ்சளோடு அரைத்து இரவில் வைத்துக் கட்டுவது அவர்களின் பழைய வைத்தியம். லாசோனுக்குப் பூஞ்சைகளைக் கட்டுப்படுத்தும் இயல்பு உண்டென்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. இலையின் டானின் தோலை இறுக்கி ஈரக்கசிவைக் குறைக்கிறது. ஆகவே இந்த வைத்தியத்தில் பொருளில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆழமான புண், சீழ், சர்க்கரை நோய் ஆகியவை இருந்தால் இதை நம்பி நாளைக் கடத்தக் கூடாது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்வேன். எனக்கு இதில் உள்ள கவலை வேறு. இலை பறித்து அரைக்க நேரமில்லாமல், கடையில் வாங்கிய கோனைப் பிதுக்கிச் சேற்றுப்புண்ணில் தடவிக்கொள்ளும் வழக்கம் இப்போது தொடங்கியிருக்கிறது. தோல் பிளந்த இடத்தில் பிபிடி உள்ளே செல்வதற்கு எந்தத் தடையும் இல்லை. கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் காலில் கொப்புளம் வந்தால், அந்த நடவுப் பருவத்தின் வருமானமே போய்விடும். கோனைப் புண்ணில் தடவக் கூடாது என்பதை நடவு வயல்களுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்கள் சொன்னால் அதற்கு மதிப்பு இருக்கும்.

வீட்டில் அரைப்பவர்கள் சாலையோரத் தூசி படிந்த இலையை நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும். நிறம் கூடும் என்று சுண்ணாம்பைக் கையில் தடவுவதால் தோல் வெந்துபோகக்கூடும். காரத்தில் லாசோன் செம்மை காட்டும் என்பது உண்மையே ஆனாலும், அதற்காகத் தோலைப் பலி கொடுக்கத் தேவையில்லை. மண்ணெண்ணெய், டர்பன்டைன் போன்றவை கூடவே கூடாது. நீலகிரித் தைலம் ஓரிரு சொட்டு பெரியவர்களுக்குப் பொறுக்கும். சிறு குழந்தைகளுக்கு வேண்டாம். பொடியை வாங்கி வைப்பவர்கள் ஒளி, ஈரம், வெப்பம் மூன்றும் படாத இறுக்கமான டப்பாவில் வைக்க வேண்டும். தட்டும்போது பறக்கும் தூள் சிலருக்கு மூச்சிரைப்பையும் தும்மலையும் உண்டாக்கும் என்பதால் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்வது நல்லது. நம் கடைகளில் கிடைக்கும் பொடியில் பெரும்பகுதி ராஜஸ்தானின் சோஜத் வட்டாரத்திலிருந்து வருகிறது. அவ்வட்டார மருதாணிக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் வழியில் பழைய பொடியைப் பளிச்சென்று காட்டப் பச்சைச் சாயம் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இலையின் பச்சையமாகிய குளோரோஃபில் நீரில் கரையாது. ஆகவே ஒரு சிட்டிகைப் பொடியை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்தால் மஞ்சளோ ஆரஞ்சோ கசிய வேண்டும். பளிச்சென்று பச்சை கசிந்தால் அது கலந்த சாயம்.

பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்வேன். மருதாணி இலையை அரைத்து வடித்த நீரில் எலுமிச்சைச் சாறும், இன்னொரு குவளையில் சலவைச் சோடாக் கரைசலும் விட்டால் ஒன்று வெளிறுவதையும் மற்றொன்று சிவப்பதையும் குழந்தைகள் கண்ணாரக் காண்பார்கள். அமிலமும் காரமும் பற்றிய பாடத்துக்குக் காசு செலவில்லாத சோதனை இது.

மருதாணி வரைவதையே பிழைப்பாகக் கொண்ட பெண்கள் இன்று நம் ஊர்களில் ஏராளம். கல்யாண வீடுகளிலும், ரமலான் முன்னிரவுகளில் நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களிலும் விடிய விடிய வரைகிறார்கள். இக்கடிதத்தால் அவர்களின் பிழைப்பு கெட்டுவிடக் கூடாது என்பதில் எனக்கு அக்கறை உண்டு. உண்மையில் நஞ்சு கலந்த கோனால் முதலில் கெடுவது அதைத் தினந்தோறும் கையில் பிடிக்கும் அவர்களின் விரல்தான். கையுறை அணியாமல் வரைவது, குழம்பு அடைத்த கோனின் முனையை வாயில் வைத்து ஊதுவது ஆகிய இரண்டையும் விட்டுவிட வேண்டும். நல்ல இலைப் பொடியும் எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் சேர்த்து அவர்களே கோன் அடைத்துக்கொள்ளலாம். ஆனால் அது உறைபெட்டியில் இருந்தால்தான் நிறம் காக்கும்; வெளியில் வைத்தால் சில நாள்களிலேயே நிறமி சிதைந்து சிவக்கும் திறனை இழந்துவிடும். கடையில் கொக்கியில் மாதக்கணக்கில் வெயில்பட்டுத் தொங்கியும் கெடாமல் பிடிக்கும் கோனில் லாசோன் தவிர வேறேதோ வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் இப்படிப் புதிய கோன்களைத் தயாரித்து, தயாரித்த நாளை எழுதி விற்றால், அதைச் சற்றுக் கூடுதல் விலை கொடுத்தும் வாங்குவோர் இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

கோன் வைத்த இடத்தில் எரிச்சல் தொடங்கினால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். சொரண்டுவதும், பற்பசை தடவுவதும், அதன் மேல் வேறு கோன் போட்டு மறைப்பதும் கூடாது. முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ 108ஐ அழைக்க வேண்டும். மற்றபடி தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் மருத்துவரைப் பார்க்கலாம். போகும்போது அந்தக் கோனையும் உறையையும் மறக்காமல் கொண்டு போக வேண்டும். ஒருமுறை ஒவ்வாமை வந்தவர்கள், பிற்காலத்தில் எந்த மருத்துவரிடம் சென்றாலும் அதைச் சொல்லிவைக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குச் செல்பவர்கள் ஒரு விரலிலாவது மருதாணி இல்லாமல் வைத்துக்கொள்வது நல்லது. நகத்தின் மேல் அடர்ந்த கருஞ்சாயம் இருந்தால், விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி தவறாகக் காட்டக்கூடும்.

சட்டம் இல்லாமல் இல்லை. மருந்து மற்றும் அழகுப்பொருள் சட்டம், 1940 நடைமுறையில் உள்ளது. அழகுப்பொருள் விதிகள் 2020 உறையின் மேல் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள், சேர்மானப் பட்டியல் ஆகியவை இருக்க வேண்டும் என்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழு 2013இல் மருதாணிப் பொடியை முடிக்குப் பயன்படுத்துவது பற்றி ஆராய்ந்தபோது, லாசோனின் அளவு 1.4 சதவீதத்துக்கு மிகாமல் இருப்பதை வைத்தே பாதுகாப்பானது என்றது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மருதாணியை முடிச்சாயமாக மட்டுமே ஏற்றிருக்கிறது. உண்மையான இலைக்கே அங்கெல்லாம் இவ்வளவு கணக்குப் பார்க்கும்போது, முகவரியே இல்லாத கோன்கள் நம் கடைத்தெருவில் தடையின்றித் தொங்குவதை ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. மாவட்ட மருந்து ஆய்வாளர்கள் ஆடி, தீபாவளி, ரமலான் ஆகிய காலங்களுக்குச் சில வாரங்கள் முன்பாகவே மொத்த விற்பனைக் கடைகளில் மாதிரிகள் எடுத்து, பிபிடிக்கும் பிக்ராமேட்டுக்கும் சோதித்து, முடிவை மாவட்ட ஆட்சியர் வழியாக வெளியிட வேண்டும். திருவிழாத் திடல்களில் கடை போட இடம் ஒதுக்கும் உள்ளாட்சி அமைப்புகள், உறையில் உரிம எண்ணும் சேர்மானப் பட்டியலும் இல்லாத கோனை விற்கக் கூடாது என்பதை ஏல நிபந்தனைகளில் ஒன்றாகச் சேர்க்கலாம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பண்டிகைச் சிறப்பு மலர்களில் மருதாணிக் கோன் விளம்பரங்கள் வெளியாகின்றன. விளம்பரம் கொடுப்பவரிடம் தயாரிப்பு உரிம எண்ணையும் சேர்மானப் பட்டியலையும் கேட்டுப் பெற்ற பிறகே அவற்றை வெளியிட வேண்டும் எனவும், உரிம எண்ணை விளம்பரத்திலேயே அச்சிடச் செய்ய வேண்டும் எனவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் பேராசிரியை,
மயிலாடுதுறை.